அம்மம்மாவின் தோடும் அட்டியலும்: போடக்கூடிய மாதிரி மாற்றலாமா?

கடற்கரைப்பக்கம்:
வணக்கம் எல்லாருக்கும். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கூறை உடுத்தால் பூட்டியின் நகைதான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் போட்டுப் பார்த்தால் ஒன்றும் சரிவரவில்லை.

என் அம்மம்மாவின் சிவப்புக்கல் தோடு ஒரு சோடி இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய கல், சுற்றிவரச் சின்னக் கற்கள். பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகட்டால் மூடியிருக்கிறது, அந்தத் தகட்டில் ஊசியால் கீறின மாதிரி "சி" என்று ஓர் எழுத்து. தண்டு நல்ல மொத்தம். பிள்ளையின் காது துவக்கு மாதிரி ஒன்றால் அடித்துக் குத்தினது, அந்தத் துளைக்குள் இந்தத் தண்டு நுனி கூடப் போகாது. அட்டியல் கழுத்தை இறுக்குகிறது, கீழ் விளிம்பில் முத்துக் கோத்த கம்பி முனைகள் வேறு குத்துகின்றன. அப்பாவின் பக்கத்தால் வந்த நீலக்கல் மோதிரம் விரல் மொளியில் நின்றுவிடும். காப்புச் சோடியைப் பற்றிக் கதைத்து வேலையில்லை, கையில் ஏறவே ஏறாது.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். பார்த்தவர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. "தண்டை வெட்டிப் போட்டு மெல்லிசாய் ஒன்று ஒட்டித் தாறன், காப்பை வெட்டிப் பூட்டு வைக்கலாம், அட்டியல் முத்தை எடுத்துவிடலாம், பின்னேரம் வாங்கோ" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்குப் பயம். எல்லாவற்றையும் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எதை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சிக்கனம்:
அக்கா, கோபிக்கக்கூடாது. கல்யாண நாளில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? எல்லாவற்றையும் கொடுத்து அதே மாதிரி இலேசாகப் புதுசு செய்யுங்கோ. இப்போது அச்சு அசல் பழைய டிசைனில் 22 கரட்டில் செய்து தருகிறார்கள். கல்லைக் கழற்றிப் புது நகையில் வைத்தால் பூட்டியின் கல் என்ற சொல்லும் நிற்கும்.

பழங்காசு:
உருக்கினால் மிஞ்சுவது இத்தனை பவுண் என்ற கணக்கு மட்டும்தான் தம்பி. அதற்கும் கல்லுக்கு, அரக்குக்கு, அழுக்குக்கு என்று கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அந்தத் தோட்டைக் கையால் செய்தவர் இன்று இல்லை, அந்த வேலையும் இல்லை. அக்கா, ஒன்றையும் தொடாதீர்கள். ஒரு மணித்தியாலம் போட்டுப் படம் எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

கடற்கரைப்பக்கம்:
அண்ணா, அம்மம்மா அதை வங்கி லொக்கருக்காகச் செய்விக்கவில்லை. ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனவ. போடாமல் வைத்திருப்பது எனக்கும் விருப்பமில்லை, உருக்குவதும் விருப்பமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி உண்டா என்றுதான் கேட்கிறேன்.

பத்தர்பேரன்:
அக்கா, நான் அதே செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிறவன், என் தாத்தாவும் அதே தொழில்தான். நல்ல வேளை திரும்பக் கொண்டுவந்தீர்கள்.

முதலில் தோடு. பின்பக்கம் தகட்டால் மூடியிருக்கிறது என்று சொன்னீர்கள், முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. பழைய கல்லுத்தோட்டில் கல் இருக்கும் குழிக்குள் அரக்கை நிரப்பி, அதற்கு மேல் மினுக்கின மெல்லிய தகடு ஒன்று வைத்து, அதன்மேல் கல்லை இருத்தி, சுற்றியுள்ள விளிம்பைத் தள்ளி இறுக்கி விடுவார்கள். வெளிச்சம் கல்லுக்குள் போய் அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது, நீங்கள் பார்க்கிற சிவப்பில் பாதி அந்தத் தகட்டின் வேலை. தண்டு அந்தப் பின்தகட்டில்தான் நிற்கிறது. அதை வெட்டிவிட்டுப் புதுத் தண்டைப் பொடி வைத்து ஊத, அதாவது ஒட்டுகிற உலோகப் பொடியை நெருப்பில் உருக்கி ஒட்ட வேண்டுமென்றால் 700 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அரக்கு 100 பாகைக்கு முன்னமே இளகிவிடும். உள்ளே அரக்குக் கொதித்து, தகடு கறுத்து, கல் ஒரு பக்கம் சாயும். பின்னேரம் வாங்கித் தோட்டைப் பார்த்தால் நடுக்கல் செத்துப்போய்க் கிடக்கும், அதைத் திரும்ப உயிர்ப்பிக்க முழுவதையும் பிரித்துத்தான் கட்டவேண்டும். ஒழுங்காகச் செய்கிறவன் முதலில் கல் எல்லாம் கழற்றி, அரக்கு எடுத்து, பிறகு ஊதி, திரும்பக் கட்டுவான். அது ஒரு பின்னேரத்து வேலை இல்லை.

நீரும் அதே கேடுதான் செய்யும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்தாலும், கடையில் அந்த அதிர்வு மெசினில் போட்டாலும், விளிம்பு வழியாக நீர் உள்ளே போய்த் தகடு கறுக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இன்னொன்று. பழைய தோட்டில், பின்னால் திருகிப் பூட்டுகிற சுரை ஏறும் தண்டின் புரியைக் கையால் வெட்டியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு சுரையும் தன் தண்டுக்குத்தான் சரியாக ஏறும். வலது சுரையை இடதில் வைத்து முறுக்கினால் புரி தேய்ந்து இரண்டும் பாழ். கழற்றும்போதே ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கோ. பின்பக்கத்தைக் கிட்ட ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? அட்டியலின் கொக்கிப் பக்கத்தையும்.

கடற்கரைப்பக்கம்:
படங்கள் போட்டிருக்கிறேன். தோடு ஒன்று 9 கிராம் வருகிறது தம்பி. "சி" அம்மம்மாவின் பெயரில் முதல் எழுத்து. அட்டியலின் கொக்கி வேறு நிறமாக இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

வார்ட்12:
அக்கா, நான் தாதி, நகையைப் பற்றித் தெரியாது, காதைப் பற்றிச் சொல்கிறேன். காது மடலின் கீழ்ப்பக்கத்தில் குருத்தெலும்பு கிடையாது, தோலும் கொழுப்பும்தான். பாரம் தாங்காமல் துளை மெல்ல மெல்ல நீண்டு கடைசியில் கிழிந்து வரும்.

அந்தக் கடைக்காரர் சொன்னதுபோல மெல்லிய தண்டு போட்டால் நிலைமை இன்னும் மோசம். 9 கிராமும் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கினால் அது மடலை அறுக்கும். மொத்தத் தண்டு அதே பாரத்தைக் கூடின இடத்தில் பரப்புகிறது. பழைய ஆட்கள் தெரியாமல் மொத்தமாகச் செய்யவில்லை.

துளையைப் பெருப்பிக்க விரும்பினால் இன்றைக்கே தொடங்குங்கள், கல்யாணக் கிழமையில் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக மொத்தம் கூடின தண்டு போடவேண்டும், நொந்தால், நீர் வடிந்தால் அந்த அளவிலேயே நிற்கவேண்டும். காயம் பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளருகிற உடம்பென்றால் இந்த வேலைக்கே போகவேண்டாம். ஏற்கெனவே கிழிந்த காதுக்கு, அந்த இடத்தை மட்டும் விறைக்கப் பண்ணித் தைக்கிற சின்னச் சத்திரசிகிச்சை இருக்கிறது, ஆனால் தைத்துச் சில மாதம் கழித்துத்தான் திரும்பக் குத்தலாம், அதுவும் தழும்பின் மேல் குத்தாமல்.

பத்தர்பேரன்:
வார்ட்12 அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. கடையில் வருகிற எல்லாரும் "மெல்லிசாக்கித் தாங்கோ" என்றுதான் கேட்கிறார்கள், கேட்டதைச் செய்து கொடுத்து அனுப்புகிறோம், பிறகு காது கிழிந்ததற்குத் தோட்டைத் திட்டுவார்கள்.

சரி, வழிக்கு வருவோம். தோட்டைத் தொடாமல் ஒரு சின்னத் துண்டு தனியாகச் செய்யலாம். ஒரு சிறு தங்கத் தகடு, அதன் கீழ்ப்பக்கம் பழைய தண்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை, மேல்பக்கம் பிள்ளையின் காதுக்குப் போகக்கூடிய தண்டு. பழைய தோட்டை அந்தத் துளைக்குள் விட்டு அதன் சொந்தச் சுரையால் இறுக்கவேண்டும். தோடு மடலில் ஒட்டி நிற்காமல் அதற்குக் கீழே தொங்கட்டான்போல நிற்கும், அந்த வித்தியாசம் தெரியும்தான். கல்யாணம் முடிந்ததும் சுரையைக் கழற்றினால் அம்மம்மாவின் தோடு அப்படியே கையில்.

பாரத்துக்கு மாட்டல் போடுங்கோ. காதிலிருந்து சங்கிலி போய் மேலே கொண்டையில் மாட்டும்போது பாரம் முடிக்குப் போய்விடும். மாட்டல் அழகுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா தொங்க விட்டால் அழகு மட்டும்தான், சங்கிலியைக் கொஞ்சம் இழுத்து மாட்டினால்தான் அது தாங்கும். மணப்பெண்ணுக்கு மாட்டல் எப்படியும் எடுபடும்.

உங்கள் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இடதுபக்கச் சுரை வலதுபக்கத்தின் சோடி இல்லை. வலதில் விளிம்பு கையால் கொத்தினது, இடதில் இயந்திரத்தில் வந்த சீரான பல்லு. அட்டியல் கொக்கியும் பிறகு போட்டதுதான், முத்திலும் ஓரிரண்டு மற்றவற்றைவிட வெள்ளை. அதாவது உங்கள் அம்மம்மா இருக்கும்போதே இதெல்லாம் மாற்றியிருக்கிறார். சுரை, கொக்கி, கோத்த நூல், கயிறு எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை, தலைமுறைக்கு ஒருமுறை புதிதாக வரும். உங்கள் வசதிக்கான மாற்றத்தையும் அந்த இடங்களிலேயே வைத்துக்கொள்ளுங்கோ. கல் கட்டின உடம்பு, பின்தகடு, அந்த எழுத்து, இதில் அரம் கூடப் படக்கூடாது.

பழங்காசு:
இந்தக் கணக்கை நான் ஏற்கிறேன். கழற்றக்கூடிய துண்டு என்றால் எனக்குச் சண்டையில்லை.

சிக்கனம்:
பழங்காசு அண்ணர் ஏற்றுக்கொண்ட நாளைக் குறித்து வையுங்கோ.

கனடாக்காரி:
அட்டியலுக்கு நான் சொல்கிறேன், என்னிடம் என் மாமியின் அட்டியல் இருக்கிறது, அதே கரைச்சல்தான். இறுக்கத்துக்கு அட்டியலைத் தொடத் தேவையில்லை. பின்கொக்கியை எடுத்துவிட்டு இரண்டு பக்க வளையத்திலும் பட்டுக் கயிறு கோத்து, நடுவில் மேலும் கீழும் இழுக்கிற முடிச்சு வைத்தால் எந்தக் கழுத்துக்கும் வரும். கோயில் நகை, பரதநாட்டிய நகை எல்லாம் அப்படித்தானே. கயிறு பின்கழுத்தில் சங்கிலியைவிட மெத்தென்று இருக்கும், வியர்வையில் ஊறினால் மாற்றிக் கட்டலாம்.

குத்துகிற முனைக்கு அரத்தால் உரசச் சொல்வார்கள், விடவேண்டாம். உள்பக்கத்துக்கு மெல்லிய பட்டுத் துணியோ மான்தோல் மாதிரி மெத்தென்ற தோலோ அளவாக வெட்டி, முத்துக் கம்பி போகிற துளைகள் வழியாகவே சில இடங்களில் நூலால் பிடித்துத் தைத்தேன். பசை ஒட்டவே கூடாது. சிலர் முனைக்கு நகப்பூச்சுத் தடவுவார்கள், அது முத்தில் பட்டால் முத்தின் மினுக்கம் போய்விடும்.

பத்தர்பேரன்:
அருமை அக்கா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முனை கூராக இருப்பது கம்பி நிமிர்ந்ததால் என்றால், அதை மழுங்கின கருவியால் உள்ளே மடித்து அழுத்தி விடலாம், அதற்குச் சூடும் வேண்டாம் உரசலும் வேண்டாம். பழைய கம்பி இறுகிப்போயிருக்கும், இரண்டு தரம் வளைத்தால் முறியும், ஆகவே மெதுவாக ஒருமுறையில் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கோ.

முத்து இருக்கிற எதையும் ஊதவும் கூடாது, அமிலத்தில் போடவும் கூடாது. ஊதின பிறகு நகையை அமிலத் தண்ணீரில் போட்டுத்தான், ஒட்டும்போது போடுகிற வெங்காரத்தின் கறையை எடுப்போம். முத்தும் சுண்ணாம்புச் சரக்குத்தான், அமிலத்தில் கரையும். வீட்டில் புளி, தேசிக்காய் போட்டு நகை கழுவுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்லுப்பெட்டி:
மோதிரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் கல் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அக்கா, உள்பக்கத்தில் ஏதாவது முத்திரை இருக்கிறதா? கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கடற்கரைப்பக்கம்:
மகளின் கைபேசியால் பெருப்பித்துப் பார்த்தோம். 15 என்று ஓர் எண், பக்கத்தில் .625, ஒரு நங்கூரம், பிறகு ஓர் ஆங்கில எழுத்து, அது பாதி தேய்ந்துவிட்டது.

கல்லுப்பெட்டி:
பிரமாதம். நங்கூரம் பர்மிங்காம் நகர முத்திரை. 15 கரட் தங்கம் இங்கிலாந்தில் 1854இல் சட்டப்படி வந்து 1932இல் நிறுத்தப்பட்டது, அதற்குப் பதிலாக 14 வந்தது. ஆக உங்கள் மோதிரம் அந்த இடைப்பட்ட காலத்தது. அந்த எழுத்துத்தான் ஆண்டைச் சொல்லும், பாதி தேய்ந்திருந்தாலும் பர்மிங்காம் எழுத்து அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடற்கரையில் கடை வைத்திருந்தவர்கள், தோட்டத்துரைகளிடம் வேலை பார்த்தவர்கள் என்று பல வீடுகளில் இந்த மாதிரிச் சீமை மோதிரம் இருக்கும், உரைத்துப் பார்த்தால் 22 வராது, உடனே "மட்டத் தங்கம்" என்று சொல்லி விலை குறைப்பார்கள். விட்டுவிடாதீர்கள்.

பெருப்பிப்பதற்கு வளையத்தை ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். அந்த வெட்டு முத்திரையிலிருந்து தள்ளி வரவேண்டும், கடைக்காரர் வழக்கமாக வெட்டுவது அடிப்பக்கத்தின் நட்டநடுவில், முத்திரை இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். இதை எழுதிக் கொடுங்கள். சேர்க்கிற துண்டும் 15 கரட்டுக்குக் கிட்டின தங்கமாக இருக்கவேண்டும். தெருவில் கையில் இருப்பது 22, அதை வைத்து ஒட்டினால் அந்த இடம் மஞ்சளாகத் தனியே தெரியும்.

அதற்கு முன்னம் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று, முன்பு யாராவது ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்களா. சாம்பல் நிறப் பொட்டு மாதிரித் தெரியும். ஈயம் இருக்கிற தங்கத்தில் நெருப்புப் பட்டால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கி அந்த இடத்தைத் தின்று குழியாக்கிவிடும், முதலில் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாவது, கல். நீலக்கல் கடினத்தில் 9, வைரத்துக்கு அடுத்த இடம், அதனால் ஒன்றும் ஆகாது என்று கல்லோடு வைத்தே ஊதுவார்கள். ஆனால் வெங்காரம் கல்லில் பட்டுச் சூடேறினால் கல்லின் முகத்தை அரித்துச் சொரசொரப்பாக்கும். இலங்கையில் கெவுடா என்கிற பால்போல வெளிறின கல்லைச் சுட்டு நீலமாக்கும் வழக்கம் 1970களில்தான் பெரிதாகப் பரவியது. உங்கள் மோதிரக் கல் அதற்கு முந்தியது, சுடாத கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம், சுடாத கல்லுக்குச் சந்தையில் மதிப்பு வேறு. ஆகவே கல்லைக் கழற்றியே வேலை செய்யவேண்டும், கழற்றினால் அதே கல் திரும்பி வருகிறதா என்ற கவலை அடுத்ததாக வரும். கழற்றுவதற்கு முன் கல்லைச் சோதித்து அறிக்கை எடுத்து வையுங்கள். கொள்ளுப்பிட்டியில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை இருக்கிறது, தங்கத்தின் மாற்றையும் அங்கே பார்க்கலாம்.

சிவப்புக்கல் தோட்டைப் பற்றியும் ஒரு சொல். பின்பக்கம் மூடியிருப்பதால் உறுதியாகச் சொல்வது கஷ்டம். கெம்பாக இருக்கலாம், ஸ்பினெல் என்ற வேறொரு சிவப்புக் கல்லாக இருக்கலாம், செயற்கைக் கெம்பாகவும் இருக்கலாம். வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் நெருப்பில் கெம்பு வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்த பிறகு அந்தக் கல் உலகம் முழுக்கப் பரவியது. செயற்கைக் கல் என்று வந்தால் அம்மம்மாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் கசக்கவேண்டாம், அந்தக் காலத்தில் அது புதுமை, தெரிந்தே வாங்கியவர்களும் உண்டு.

மட்டக்களப்பான்:
மோதிரத்தை லேசரில் ஒட்டலாமே? கல் கழற்றத் தேவையில்லை என்கிறார்கள்.

பத்தர்பேரன்:
லேசரில் ஒட்டுகிற இடம் மட்டும்தான் சூடாகும், கல்லைக் கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்யலாம். கொழும்பிலும் சில பட்டறைகளில் இருக்கிறது. பொடி வைத்து ஊதினால் பொடி இடுக்கு முழுக்க ஓடி நிறையும், லேசர் புள்ளி புள்ளியாகத்தான் ஒட்டும், ஆழமாக ஒட்டாமல் மேலால் மூடிவிட்டால் கொஞ்ச நாளில் அந்த இடம் விடும். செய்கிறவரைப் பொறுத்தது. மோதிரத்துக்கு எனக்கு லேசர் விருப்பம். பின்பக்கம் மூடின தோட்டுக்கு அதையும் நம்பமாட்டேன்.

அக்கா, மொளியில் சிக்குகிற மோதிரத்துக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. மொளியைத் தாண்டுகிற அளவுக்குப் பெருப்பித்தால் விரலடியில் சுற்றும், கல் உள்ளங்கைப் பக்கம் போய்விடும். வளையத்தின் உள்பக்கம் கீழே இரண்டு சின்னத் தங்க மணி வைத்தால் சுற்றாது. அளவைப் பின்னேரத்தில் எடுங்கோ. கொழும்பு வெக்கைக்குக் காலையில் இருக்கிற விரல் பின்னேரம் இருப்பதில்லை.

கடற்கரைப்பக்கம்:
காப்பை மறந்துவிட்டீர்கள் எல்லாரும்.

சிக்கனம்:
காப்புக்கு நான் வாறன், உருக்கச் சொல்லமாட்டேன், பயப்படவேண்டாம். அளவு என்ன அக்கா? கடைக்காரர் 2.4, 2.6 என்று சொல்வது தசமம் இல்லை, இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு, பதினாறில் ஆறு. 2.4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 57 மில்லிமீற்றர். 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5. பலபேர் இதைத் தசமமாகக் கணக்குப் போட்டு ஒன்லைனில் வாங்கிவிட்டு அழுகிறார்கள்.

கடற்கரைப்பக்கம்:
அளந்தேன், 58 வருகிறது. பிள்ளைக்கு 2.6 சரி.

பத்தர்பேரன்:
2.6க்கு 60 மில்லிமீற்றர். வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றர் சொச்சம்தான், அதனால் வெட்டவே வேண்டாம். கையில் மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டு, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, அதற்கு மேலால் காப்பைத் தள்ளுங்கோ, வழுக்கிக்கொண்டு போகும், பிறகு பையை இழுத்து எடுக்கலாம். கடையில் நாங்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை இது. கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே போட்டுவிடவேண்டும், கை வீங்கின பிறகு வராது.

பூட்டு வைத்துத் திறக்கிற காப்பாக மாற்றுவதென்றால் முதலில் காப்பு கெட்டியா உள்கூடா என்று பார்க்கவேண்டும். மேசையில் மெதுவாகத் தட்டினால் கெட்டிக் காப்பு கணீரென்று கேட்கும், அரக்கு நிரப்பினது மொத்தென்று கேட்கும். பருமனுக்குப் பாரம் காணாமலும் இருக்கும். கெட்டியென்றால் வெட்டிக் கீல் வைக்கலாம், ஆனால் பூவேலை இருக்கிற காப்பில் வெட்டு எங்கே விழுந்தாலும் ஒரு பூ போகும். அரக்குக் காப்பை வெட்டினால் அரக்குக் கொட்டும், ஊதவும் முடியாது. இதைச் செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் "உள்ளே என்ன இருக்கிறது" என்று மட்டும் கேளுங்கோ, பதில் சொல்லத் தெரியாதவர் வேலை செய்யவேண்டாம்.

ஹட்டன்பிள்ளை:
தெருவில் கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பது என்று யாராவது சொல்லுங்களேன். என் பெரியம்மா ஒரு சங்கிலியை மினுக்கக் கொடுத்தார், வாங்கும்போது பளபளவென்று இருந்தது, வீட்டில் நிறுத்தால் பாரம் குறைவு.

பத்தர்பேரன்:
மினுக்குவது என்றாலே கொஞ்சம் தங்கம் போகும், அமிலத்தில் "கழுவி" எடுத்தால் கூடவே போகும், போவது யார் கைக்கு என்பதுதான் கேள்வி. என் தொழிலில் உள்ளவர்களைப் பற்றி நானே சொல்வது சங்கடம், ஆனாலும் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன்னம் உங்கள் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கோ, பாரத்தைப் பில்லில் எழுதவேண்டும். முன், பின், பக்கம் எல்லாம் படம் எடுங்கோ, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து. என்ன செய்யவேண்டும் என்பதைவிட என்ன செய்யக்கூடாது என்பதைப் பில்லில் எழுதுவிக்கவேண்டும்: "பின்தகடு திறக்கக்கூடாது, மினுக்கக்கூடாது, முத்திரை வெட்டக்கூடாது". வெட்டின துண்டு, கழற்றின கொக்கி எல்லாம் உங்களுடையது, ஒரு சின்னப் பையில் போட்டுத் திரும்பத் தரச் சொல்லுங்கோ. வேலைக்குக் கூலி கொடுங்கோ, திருத்த வேலைக்குச் சேதாரம் என்று ஒன்றைக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கோ.

முக்கியம், முன்கடையில் இருப்பவர் வேலை செய்பவர் இல்லை. நகை மேல்மாடிக்கோ பக்கத்து ஒழுங்கைக்கோ போகும். வேலை செய்கிற பத்தரோடு நேரே கதைக்க விடுகிற கடைக்குப் போங்கோ. கதிரேசன் கோயில் பக்கம் பழைய ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கல்லுத்தோட்டைக் கையில் வாங்கினதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள், அதை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

கடற்கரைப்பக்கம்:
எல்லாருக்கும் நன்றி. தோட்டுக்குக் கழற்றுகிற துண்டும் மாட்டலும் செய்யக் கொடுத்துவிட்டேன். வாங்கின பத்தர் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு 22 கரட்டில் தான் செய்வேன், ஆனால் மெல்லிய தண்டு 22இல் வளைந்துவிடும், தண்டை மட்டும் 18இல் போடலாமா என்று கேட்டார். பிள்ளைக்குக் கவரிங் நகை போட்டால் காது சிவக்கும். 18 போட்டால் ஏதாவது செய்யுமா?

வார்ட்12:
கவரிங்கில் சிவப்பது பெரும்பாலும் நிக்கல். 18 கரட் மஞ்சள் தங்கத்தில் மிச்சம் வெள்ளியும் செம்பும் என்றால் அநேகமாக ஒன்றும் செய்யாது. வெள்ளைத் தங்கம் என்றால் கேட்டுப் பார்க்கவேண்டும், அதில் நிக்கல் கலப்பது உண்டு. தண்டு செய்ததும் இப்போதே சில நாள் போட்டுப் பாருங்கள்.

பத்தர்பேரன்:
ஒட்டுகிற பொடியில் கட்மியம் வேண்டாம் என்றும் சொல்லுங்கோ. அதன் புகை ஊதுகிறவரின் நெஞ்சுக்குத்தான் கேடு.

ஹட்டன்பிள்ளை:
கேள்வி கேட்கிற வரிசையில் நானும் ஒன்று கேட்கிறேன். எங்கள் பாட்டியிடம் தோட்டத்துரை வீட்டு அம்மா கொடுத்த சந்திரகாந்தக்கல் புரூச் ஒன்று இருக்கிறது. சேலைக்குக் குத்தினால் பாரத்தில் சேலை கிழிகிறது. பின் ஊசியை எடுத்துவிட்டு வளையம் ஒட்டிப் பதக்கமாக்கலாமா?

கல்லுப்பெட்டி:
ஊசியை எடுக்காதீர்கள். சந்திரகாந்தம் கடினத்தில் 6 சொச்சம்தான், உள்ளே படலம் படலமாக இருக்கும், சூடு பட்டால் அந்தப் படலத்தோடு பிளக்கும். புரூச் ஊசிக்குள் கோக்கிற சின்னக் குழாய் ஒன்று, அதன் மேல் ஒரு வளையம், இப்படி ஒரு துண்டு செய்யலாம். ஊசியைத் திறந்து குழாய்க்குள் விட்டுத் திரும்பப் பூட்டினால் பதக்கம், சங்கிலியில் மாட்டிக்கொள்ளலாம். குழாயின் நீளம் ஊசியின் நீளத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், குறைந்தால் புரூச் முன்பக்கம் தலைகுப்புறச் சாயும். சேலைக்கே குத்த விரும்பினால் உள்பக்கம் ஒரு துண்டுத் தடித்த துணி வைத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள்.

ஹட்டன்பிள்ளை:
வெள்ளியில் செய்தால் போதுமா, புரூச் தங்கம்?

பத்தர்பேரன்:
போதும், புரூச்சுக்குப் பின்னால் மறையும். ஆனால் வெள்ளி கறுத்தால் ஊசியில் கறை பிடிக்கும், கழற்றி வைக்கும்போது இரண்டையும் ஒரே பெட்டியில் போடவேண்டாம்.